விலைக்கட்டு குற்றமா?

ஒரே சரக்கை விற்கும் வியாபாரிகள் பலர், வெளியிலே ஒருவரோடொருவர் போட்டியிடுவதாய்க் காட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றுகூடி, "இன்ன விலைக்குக் குறைத்து நம்மில் ஒருவரும் விற்கலாகாது" என்று கட்டுப்பாடு செய்துகொள்வதை ஆங்கிலத்தில் 'கார்ட்டல்' என்பார்கள். நம்மவரிடையே இதற்கென்று தனிச்சொல் வழங்கக் காணோம். "எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டானுங்க" என்று கடைத்தெருவில் முணுமுணுத்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வருவதே நம் ஜனங்களின் வழக்கம். நாம் இக்கட்டுரையில் அதனை விலைக்கட்டு என்று வழங்குவோம். ஊர்க்கட்டு இன்னதென்று அறியாத தமிழர் இலர். பெரியதனக்காரர் நால்வர் கூடி விதித்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் இல்லாத ஏழை அதற்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும். விலைக்கட்டின் இயல்பும் அதுவே.

இக்கட்டைக் குற்றமென்று கொண்டு, செய்தவரைச் சிறைக்கு அனுப்புவதா? அல்லது கம்பெனியிடம் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா? இதுவே நாம் ஆராயப் புகும் விஷயம். நாம் சட்டம் பயின்றவரல்லோம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசிலே செக்ரோலும் ஸ்டோர்க் கணக்கும் எழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியிலே படித்ததனால் கம்பெனிக் கடிதங்களையும் சட்டப் புத்தகங்களையும் ஒருவாறு வாசிக்க முடிகிறது. தோட்டத்திலே வாழ்வதனால், அச்சட்டம் யார் தலையில் விடிகிறதென்பதையும் காண முடிகிறது. இவ்வளவே நமது தகுதி.

மலேசியாவில் போட்டிச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2012 ஜனவரி 1ந் தேதி அமலுக்கு வந்தது. அதனை நடத்துவதற்குப் போட்டி ஆணையம் ஒன்று 2011இல் அமைக்கப்பட்டது. விலையைக் கூடி நிர்ணயித்தல், சந்தையைப் பங்கு போட்டுக்கொள்ளுதல், உற்பத்தியைக் கூடிக் குறைத்தல், டெண்டரில் உடன்பாடு செய்துகொள்ளுதல் ஆகிய நான்கையும் அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு தடுக்கிறது. மீறிய கம்பெனிக்கு, மீறிய காலத்தில் அது உலகமெங்கும் செய்த வியாபாரத் தொகையில் நூற்றுக்குப் பத்து வரை அபராதம் விதிக்கலாம். படிக்கும்போது பயங்கரமாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். சட்டம் இதனை 'மீறல்' என்கிறதேயன்றிக் 'குற்றம்' என்று சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஏறுவார் ஒருவருமில்லை. சிறையும் இல்லை. கூடிப் பேசிய மனிதரின் சொந்தப் பையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. தண்டனை கம்பெனிக்கு, கம்பெனிக்கோ உடம்பு கிடையாது.

நமது மாநிலத்திலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் ஐஸ் செய்து விற்கும் கம்பெனிகள், 2014 ஜனவரி 1 முதல் குழாய் ஐஸ் பை ஒன்றுக்கு 50 காசும், பெரிய ஐஸ் பாளம் ஒன்றுக்கு 2 வெள்ளி 50 காசும் ஏற்றுவதென்று உடன்பட்டன. ஐஸ்தானே, அதிலென்ன என்று சிலர் எண்ணலாம். இவ்வெயில் நாட்டில் ஒட்டுக்கடை வைத்துப் பிழைக்கும் தாய்க்கும், பிடித்த மீனைக் கெடாமல் கரை சேர்க்க வேண்டியவனுக்கும் ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் நடவாது. 2015இல் ஆணையம் 24 கம்பெனிகளுக்கும் சேர்த்து விதித்த அபராதம் 252,250 வெள்ளி. வகுத்துப் பார்த்தால் கம்பெனிக்குச் சராசரி ஏறக்குறைய 10,500 வெள்ளியாகிறது. இதற்கு முன் 2012இல், கேமரன் மலைப் பூ உற்பத்தியாளர் சங்கத்தார் பூவின் விலையை நூற்றுக்குப் பத்து ஏற்ற உடன்பட்டதை ஆணையம் கண்டித்தது. அவர்களுக்கு அபராதமே இல்லை.

கணக்கு எழுதும் எவனும் இதன் பொருளை உடனே அறிவான். பேரேட்டில் லாரிக் கூலி, மின்சாரம், சம்பளம் என்று எழுதிச் செல்லும் வரிசையிலே, அபராதம் என்று இன்னொரு வரி சேரும். அவ்வளவுதான். வியாபாரி அதனைத் தண்டனையாக எண்ணமாட்டான், செலவாக எண்ணுவான். செலவு ஏறினால் விலையும் ஏறும். ஆகவே முதலில் விலைக்கட்டினால் அதிகம் கொடுத்த ஜனங்களே, பின்பு அந்த விலைக்கட்டுக்கான அபராதத்தையும் கொடுக்கிறார்கள்!

நிற்க. இதெல்லாம் பட்டணத்துப் பெரிய கம்பெனிகளின் விஷயம், தோட்டத்தானுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுண்டு. அவர்களுக்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் லயத்துக் கூரைகளைப் பழுது பார்ப்பதற்கு மூன்று காண்டிராக்டர்களிடம் விலை கேட்டிருந்தார்கள். மூன்று கடிதங்களும் நமது மேஜைக்கு வந்தன. தலைப்பு வேறு, முத்திரை வேறு, கையெழுத்து வேறு. ஆனால் 'சீலிங்' என்னும் ஆங்கிலச் சொல் மூன்றிலும் ஒரே விதமாய்ப் பிழைபட்டிருந்தது. ஆணிக்கும் பலகைக்கும் இட்டிருந்த வரிசை எண்களிலே 7க்குப் பின் 9 வந்தது. அதுவும் மூன்றிலும் அப்படியே. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். முந்தின முறை இரண்டாமவர் குறைந்த விலைக்காரர்; அதற்கு முந்தி மூன்றாமவர்; இம்முறை முதலாமவர். கோவில் திருவிழாவில் உபயகாரர் முறை வைத்துக்கொள்வது போலே மூவரும் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் மூன்றையும் அடுக்கிப் பிழைகளின் கீழே கோடிட்டு மேனேஜரிடம் வைத்தோம். அம்முறை வேறு ஊரிலிருந்து புதிதாய் விலை கேட்கப்பட்டது. ஆனால் முந்தின முறைகளில் போனது போனதுதான். அது கம்பெனியின் பணம், நமக்கென்ன என்று கூறுவது தவறு. லயத்துப் பழுதுக்கென்று ஆண்டுக்கு ஒதுக்கப்படும் தொகை ஒன்றே. கட்டு விலையினால் ஐந்து வீட்டுக்குப் போதுமான பணம் மூன்று வீட்டோடு தீர்ந்துவிடுகிறது. மிச்ச இரண்டு வீட்டில் அடுத்த மழைக்குத் தகரத்தின் கீழே வாளி வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நனையாத மூலை தேடிப் புத்தகத்தை வைக்கிறது. விலைக்கட்டினால் பறிபோவது பணமென்று மட்டும் எண்ணுகிறோம்; அந்த வீட்டுக்காரர் இழந்தது ஒரு மாரிகாலத்துத் தூக்கம்.

ஒன்றை இங்கே தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். ஒரே விலை இருப்பதனால் மாத்திரம் கட்டு உண்டென்று குற்றஞ்சாட்டலாகாது. நம் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் செம்பனைக் குலை விற்கப்போனால், வாங்குவோர் சொல்லும் விலைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எண்ணெயின் சந்தை விலையை யாவரும் பார்த்துக் கணக்கிடுவதனால் அது இயல்பு. விலை ஒன்றாயிருத்தல் வேறு. விலையை ஒன்றாக்க இரகசியமாய்ப் பேசிக்கொள்ளுதல் வேறு. நாம் குற்றமென்று சொல்லுவது பின்னதையே.

இனி, 'கூடுதல்' என்னும் செயலை இம்மண்ணிலே சட்டம் எப்படி நடத்தி வந்ததென்று பார்ப்போம். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே 1917இல் செம்பனையை வாணிக முறையில் நட்டபோதிலும், அதற்குப் பின்னும் நெடுங்காலம் நம் பாட்டன்மார் வெட்டியது பால்மரமே. ரப்பர் விலை விழுந்தபோது, 1922 நவம்பர் முதல் 1928 நவம்பர் வரை மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டம் நடந்தது. ஒவ்வொரு தோட்டமும் இவ்வளவுக்கு மேல் ஏற்றுமதி செய்யலாகாதென்று அளவு கட்டினார்கள். 1922இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு சில்லிங்குக்கும் கீழே கிடந்தது. 1925இல் நாலு சில்லிங்குக்கு மேலே போயிற்று. டச்சுக்காரர் கட்டிலே சேராமல் தங்கள் தீவுகளில் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டதனால் திட்டம் குலைந்தது. பிறகு 1934 மே மாதத்தில் பிரிட்டன், இந்தியா, ஹாலந்து, பிரான்ஸ், சயாம் ஆகியவை கையெழுத்திட்டு இன்னும் பெரிய கட்டு ஒன்றை ஏற்படுத்தின. கம்பத்துச் சிறுதோட்டக்காரரின் அளவு குறைத்தே மதிப்பிடப்பட்டதென்பதை, பொருளாதார அறிஞர் பவுர் 1948இல் வெளியிட்ட ரப்பர்த் தொழில் பற்றிய நூலில் விளக்கியிருக்கிறார்.

இவை இரகசியமாய் நடந்தவையல்ல. சர்க்கார் சட்டமிட்டுப் பகிரங்கமாய் நடத்தியவை. 'திட்டம்' என்றும் 'ஒப்பந்தம்' என்றும் மரியாதையான பெயர் அவற்றுக்கு உண்டு. அந்த மேஜையைச் சுற்றித் தோட்ட முதலாளிகள் இருந்தார்கள், சர்க்கார் பிரதிநிதிகள் இருந்தார்கள். பால் வெட்டியவன் இருந்தானா? அவனுடைய கூலி 1937இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாயிருந்தது. ரப்பர் விலை இறங்கியதும் 1938 மே மாதத்தில் 45 காசாக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே இந்திய சர்க்கார், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை நிறுத்திவிட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போனாலும் கூலி அதுவேயானால், தொழிலாளிக்குப் போட்டியினால் வரும் நன்மை எங்கே?

முதலாளிகள் கூடியபோது திட்டமென்றார்களே, தொழிலாளர் கூடியபோது என்ன சொன்னார்கள்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் வேலைநிறுத்தம் பரவிற்று. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டுமென்றார்கள், கள்ளுக்கடையை மூடவேண்டுமென்றார்கள், துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டுமென்ற வழக்கத்தை நீக்க வேண்டுமென்றார்கள். கிராணித் தொழில் செய்யும் நாம் அந்தக் கடைசிக் கோரிக்கையை வாசிக்கும்போது வெட்கப்படாமல் இருக்க முடிவதில்லை. அவர்களுக்குக் கிடைத்த பதிலென்ன? தலைவராயிருந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

சென்னையிலும் இதே நியாயந்தான். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாவின் மேல், 1920ஆம் ஆண்டுக் கதவடைப்பை ஒட்டி, பின்னி கம்பெனியார் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். தொழிலாளர் ஒன்றுகூடுவது சதியென்னும் பழிக்கு ஆளாகாதிருக்க, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆக, கூடுதல் என்பது சட்டத்துக்குப் புதிய குற்றமல்ல. யார் கூடினார்கள் என்பதைப் பார்த்தே அது குற்றமாயும் குற்றமல்லாமலும் ஆகிவந்திருக்கிறது.

இனி, நமது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இப்படி ஒரு குற்றச் சட்டம் வந்தால் அது ஏழைகளின் சங்கங்கள் மேலேயே திரும்பும் என்கிறார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. அமெரிக்காவில் 1890இல் பெருமுதலாளிகளின் கட்டுகளை உடைக்கவென்று வந்த ஷெர்மன் சட்டத்தை, 1908இல் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் மேலே உச்சநீதிமன்றம் பிரயோகித்தது. மனித உழைப்பு கடைச்சரக்கல்ல என்று சொல்லி அத்தவறைத் திருத்த 1914இல் கிளேட்டன் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆனால் இதிலிருந்து பெறும் பாடம் குற்றச் சட்டம் வேண்டாமென்பதல்ல. விலக்கைச் சட்டத்திலேயே தெளிவாய் எழுதவேண்டுமென்பது. நமது 2010ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளரும் முதலாளியும் கூலி குறித்துப் பேசிச் செய்யும் கூட்டு ஒப்பந்தங்களை ஏற்கனவே விலக்கியிருக்கிறது. அவ்விலக்கு அப்படியே நிற்கட்டும். 1960இல் துன் சம்பந்தன் முயற்சியால் தோட்டத் தொழிலாளர் காசு சேர்த்துத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் ஒரு கூடுதல்தான். அது பகிரங்கமானது, கணக்குக் காட்டுவது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர் நிலைக்க வழி தேடியது. இருட்டிலே கூடுவதையும் வெளிச்சத்திலே கூடுவதையும் பகுத்தறியச் சட்டத்துக்குக் கண் இல்லையா என்ன?

இரண்டாவது, குற்றமென்றால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும், அது கடினம் என்கிறார்கள். உண்மைதான். 2020இல் 22 காப்புறுதிக் கம்பெனிகளுக்கு விதித்த 17 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட அபராதத்தையே 2022இல் மேல்முறையீட்டு மன்றம் நீக்கிவிட்டது. ஆனால் கடினமென்பதற்காகக் கொலையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோமா? சான்று போதாத இடத்தில் இப்போதுள்ள அபராத முறையே இருக்கட்டும். வேண்டுமென்றே மறைத்துச் செய்த விலைக்கட்டும் டெண்டர்க் கட்டும் மாத்திரம் குற்றமாகட்டும். கட்டிலிருந்து முதலில் வெளிவந்து உண்மை சொல்பவருக்கு அபராதத்தை முழுதும் தள்ளிவிட இப்போதே சட்டத்தில் இடமுண்டு. பிடிபட்டால் சிறையென்று தெரிந்தால், அவ்வாசலில் நுழைய அவர்களே முந்துவார்கள்.

மூன்றாவது, அபராதத்தைப் பெரிதாக்கினால் போதாதா என்கிறார்கள். இந்தியாவில் 2012இல் சிமெண்டுக் கம்பெனிகளுக்கு 6,300 கோடி ரூபாய் வரை அபராதம் விதித்தார்கள். 2015இல் மேல்மன்றம் அதனை நீக்கிற்று. 2016இல் ஆணையம் மறுபடி விதித்தது. 2018இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை உறுதி செய்தது. இதற்குள் சிமெண்டு வாங்கியவன் வீடு கட்டி, கடனும் பட்டு, அதில் பாதியும் அடைத்திருப்பான். மாறாக அமெரிக்காவில், கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் சேர்க்கும் லைசின் என்னும் பொருளின் விலையைக் கட்டியதற்காக, ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற பெரிய கம்பெனிக்கு 1996இல் 7 கோடி டாலர் அபராதம் விதித்ததோடு நில்லாமல், அதன் உயர்ந்த அதிகாரிகள் மூவருக்கு 1999இல் சிறைத் தண்டனையும் விதித்தார்கள். அங்கே இக்குற்றத்துக்கு இன்று பத்தாண்டு வரை சிறை உண்டு. ஆஸ்திரேலியாவிலும் 2009 முதல் பத்தாண்டு வரை உண்டு. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை உண்டு. அந்நாடுகளில் வியாபாரம் படுத்துவிடவில்லை.

இவையெல்லாவற்றையும் விட நம் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. நமது சட்டத்தில் சிறையே இல்லை என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். ஆணையத்தின் விசாரணைக்குரிய ஏடுகளை அழித்தாலோ, மறைத்தாலோ, பொய்த் தகவல் தந்தாலோ, அது மீறலல்ல, சாட்சாத் குற்றம். அதற்குத் தனி மனிதனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். இது இருக்க வேண்டிய விதிதான். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஏடு யார் கையில் இருக்கிறது? விலைக்கட்டுப் பேசிய விருந்துக்கு எந்தக் கிராணியையும் அழைப்பதில்லை. அங்கே முடிவானதை மறுநாள் கடிதமாய் அடித்து, கோப்பிலே சேர்த்து, ஆபத்து வந்த அன்று "அந்தக் கோப்பை எடுத்துவிடு" என்ற கட்டளையையும் கேட்பவன் அவனே. மறுத்தால் வேலை போகும். கீழ்ப்படிந்தால் சிறை வரும். கட்டளையிட்டவரும் சட்டப்படி தப்பலாகாது. ஆயினும் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி ஏது? கோப்பிலே பதிந்திருப்பதோ கிராணியின் கைரேகை. ஏட்டை எரித்தவன் குற்றவாளி. ஏட்டிலுள்ளபடி ஊரைக் கொள்ளையடித்தவர் மீறியவர் மாத்திரம்! சிறிய மனிதன் மேல் சிறையும் பெரிய மனிதன் மேல் செலவுக் கணக்கும் விழுவது என்ன நீதி?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. ஒரே சரக்கை விற்பவர், அல்லது ஒரே வேலைக்கு டெண்டர் போடுபவர், மறைவாய்க் கூடி விலையையோ அளவையோ முறையையோ கட்டினால், அதை முடிவு செய்த மனிதரே, கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ஒளியாமல், கூண்டில் நிற்க வேண்டும். தொழிற்சங்கமும், கூட்டுறவுச் சங்கமும், சட்டப்படி பகிரங்கமாய் நடக்கும் ஏற்பாடுகளும் இதற்குள் வரலாகாது. கீழிருக்கும் சிப்பந்தி உண்மையைச் சொல்ல முன்வந்தால், அவனுடைய வேலைக்குச் சட்டமே காவலாக வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை ஜனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் தமிழர் நடத்தும் சங்கங்கள், பள்ளிக்கூட வாரியங்கள், ஆலய நிர்வாகங்கள் யாவும் ஆண்டுதோறும் கூரைக்கும் பந்தலுக்கும் பேருந்துக்கும் விலை கேட்கின்றன. வந்த கடிதங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஒரு முறை வாசியுங்கள். குறைந்த தொகை எது என்று மாத்திரம் பாராமல், பிழைகளையும் பாருங்கள். சென்ற ஆண்டுக் கடிதங்களை எறியாமல் வைத்திருங்கள். ஐயம் தோன்றினால் ஆணையத்துக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு, எழுதத் தெரிந்த கிராணிமார் எழுதிக் கொடுக்கட்டும். ஆங்கிலம் படித்ததன் பயன் முதலாளியின் கடிதத்தை அடிப்பதோடு முடிந்துவிட வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை.